எஃப்யூடி தழும்பின் மேல் எஸ்எம்பி: எந்த நம்பர் மிஷின் வரை தாங்குகிறது?

எஃப்யூடி என்ற முறையில் முடி நட்டுக்கொண்டவர்களின் பின்மண்டையில் காதுக்குக் காது ஓடும் கோட்டுத் தழும்பை நிறமிப் புள்ளிகளால் மறைத்துத் தரும் எஸ்எம்பி, அதாவது ஸ்கால்ப் மைக்ரோபிக்மென்டேஷன் என்ற சேவையைச் சென்னையில் ஒரு நிலையத்தில் பெற்று ஓராண்டுக்கு மேல் ஆகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பர் குறையக் குறைய முடியை ஒட்ட வெட்டும் சலூன் மிஷினை ஐந்தாம் நம்பருக்குக் கீழே வைக்க முடியாதிருந்த என் தலையில் இப்போது மூன்றாம் நம்பர் வைத்துக்கொள்ள முடிகிறது. அந்த அளவுக்கு இது கொடுத்த பணத்துக்குத் தகுந்த வேலைதான். தழும்பே இல்லாததுபோல் ஆகிவிடும், இனி எந்த வெட்டும் வைத்துக்கொள்ளலாம் என்ற விளம்பர வாசகங்களை நம்பிப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். நிலையத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. அங்கே பாராட்டத்தக்கவையும் குறைசொல்லத்தக்கவையும் கலந்தே இருந்தன என்பது ஒரு காரணம். இந்த வேலையில் பலகையில் எழுதியிருக்கும் பெயரைவிட ஊசி பிடிக்கிற கைதான் முக்கியம், அந்தக் கைகளோ அடிக்கடி நிலையம் மாறுகின்றன என்பது இன்னொரு காரணம்.

இது எத்தகைய தழும்பு என்று தெரிந்தால்தான் சேவையை எடைபோட முடியும். எஃப்யூடி முறையில், வழுக்கை எட்டாத பின்மண்டைப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 1 முதல் 1.5 சென்டிமீட்டர் அகலமுள்ள தோல்பட்டை ஒன்றை முடியோடு வெட்டி எடுக்கிறார்கள். அதை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஒன்று முதல் நான்கு முடிகள் வரை கொண்ட கிராஃப்ட்டுகளாகப் பிரித்து முன்தலையில் நட்டுவிட்டு, வெட்டிய இடத்தின் இரு விளிம்புகளையும் இழுத்துச் சேர்த்துத் தையலோ ஸ்டேப்ளரோ போட்டுவிடுகிறார்கள். தையல் பிரிக்கும் நாளில் மெல்லிய சிவப்புக் கோடாகத் தெரிவது, அடுத்த ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக் காலத்தில் வெளிறி, அங்கே இருக்கும் இழுவைக்கு ஏற்ப அகன்று, தன் நிலையான வடிவத்துக்கு வந்து சேருகிறது. தழும்புத் திசுவில் மயிர்க்கால்கள் இல்லை. ஆகவே முடி அடர்ந்த பின்மண்டையில் அது நெல் வயலின் நடுவே போன வரப்பைப்போல் தனித்துத் தெரிகிறது.

எனக்கு 2012இல் செய்த அறுவையின் தழும்பு, பிடரியின் நடுவே 3 மில்லிமீட்டர் அகலமும், இடது காதுக்குப் பின்னால் 8 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. காதின் பின்புறம் உள்ள எலும்பு மேட்டின் மேல் தோல் இயல்பிலேயே இறுக்கமானது என்பதால், அங்கே விளிம்புகளைச் சேர்க்கக் கூடுதல் இழுவை தேவைப்படுகிறது; அந்த இழுவை புண் ஆறிய பிறகும் ஓய்வதில்லை. பட்டையை அகலமாக எடுத்தாலும், பிடரியில் மிகத் தாழ்வாக எடுத்தாலும், ஒரே இடத்தில் இரண்டாம் முறை எடுத்தாலும் இதே விளைவுதான். விளிம்பு ஒன்றைச் சற்றே சீவிவிட்டுத் தைத்தால் அடியிலுள்ள முடிகள் தழும்பின் ஊடாகவே வளர்ந்து வரும். டிரைக்கோஃபைட்டிக் தையல் என்கிற அந்த உத்தி எல்லா இடங்களிலும் கையாளப்படுவதில்லை. யார் வெட்டுகிறார், யார் தைக்கிறார் என்பதுதான் தழும்பின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. 2016இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் பின் மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். முறையான அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவர்களே இதைச் செய்ய வேண்டும், பயிலரங்குகளிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது 2022இல்தான்.

எஃப்யூடி வேண்டாம், எஃப்யூஇ செய்துகொண்டால் தழும்பே வராது என்று இப்போது எல்லா நிலையங்களிலும் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. எஃப்யூஇ முறையில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அளவுள்ள வட்டக் கத்தியால் மயிர்க்கால்களை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுப்பதால், ஆயிரக்கணக்கான சிறு வெண்புள்ளிகள் பின்மண்டை முழுவதும் மிஞ்சுகின்றன. நீளக்கோடு இல்லை என்பதால் அவை எளிதில் தெரிவதில்லை. ஆனால் மயிர்க்கால்களை அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் பூச்சி அரித்த துணிபோன்ற தோற்றம் வந்துவிடும். தழும்பில்லாத முடி நடவு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஜப்பானியத் தோல் மருத்துவர் ஷோஜி ஒகுடா 1939இல் வெளியிட்ட முறையும், அதை அறியாமலே நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் 1959இல் வெளியிட்ட முறையும் வட்டத் துளைகளையே சார்ந்திருந்தன. 4 மில்லிமீட்டர் துளைகள் எடுக்கப்பட்ட அந்தத் தலைமுறையினரின் பின்மண்டைத் தழும்புகளோடு ஒப்பிட்டால், 2002இல் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்ட எஃப்யூஇயின் புள்ளிகள் பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. அளவு சிறுத்ததே தவிர, கத்தி பட்ட இடத்தில் தழும்பு வருவது நிற்கவில்லை.

இந்தத் தழும்போடு நம் ஊரில் வாழ்வதில் சில தனிச் சங்கடங்கள் உண்டு. மேல்முடி நீளமாக இருக்கிறவரை ஒரு தொல்லையும் இல்லை. மனைவியும் சலூன்காரரும் தவிர வேறெவருக்கும் தெரிய வாய்ப்பில்லை. ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் எல்லோரும் பின்மண்டையை ஒட்ட வெட்டிக்கொள்ளும்போது நாம் மட்டும் பிடரி வியர்க்க முடி வளர்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஊர் மாறினால் சலூன் மாறும், சலூன் மாறினால் விளக்கம் சொல்ல வேண்டும். திருநெல்வேலியில் ஒரு சலூனில், பின்னால் நின்றவர் மிஷினை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, இது அருவா வெட்டா?" என்று கேட்டார். முடி நட்டதில் வந்தது என்றேன். அவர் முகத்தில் மரியாதை ஒரு படி இறங்கியதைக் கண்ணாடியில் பார்த்தேன். கோயில் வேண்டுதல் மொட்டையும், தந்தை இறந்தால் சில குடும்பங்களில் மகன் எடுக்க வேண்டிய மொட்டையும் நாம் நாள் பார்த்து ஒத்திவைக்கக் கூடியவை அல்ல. அன்று ரகசியமாக இருந்த எதுவும் ரகசியமாக இராது. முடி நடும் நிலையங்களில் ஆலோசனைக்கு உட்காரும்போது ஒருவரும் இந்தக் கேள்வியை எழுப்புவதில்லை. தமிழ்நாட்டில் தொழில் செய்கிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்விகளுள் ஒன்று, "நீங்கள் மொட்டை போடுகிற குடும்பமா?" என்பதாக இருக்க வேண்டும்.

எஸ்எம்பிக்கு முன்னால் நான் நெடுங்காலம் பயன்படுத்தியது கெரட்டின் இழைப்பொடி. டாப்பிக் போன்ற பெயர்களில் கிடைக்கிற இந்தப் பொடி, நிலைமின்னூட்டத்தால் முடியில் ஒட்டிக்கொண்டு அதைத் தடிப்பாகக் காட்டுகிறது. உச்சந்தலை முடி மெலிந்தவர்களுக்கு இது நல்ல பொருள் என்பதே என் கருத்து. தழும்புக்கு அது அவ்வளவாகப் பொருந்தவில்லை. ஒட்டிக்கொள்ள முடி வேண்டும், தழும்பிலோ முடி இல்லை. சுற்றியுள்ள முடி நீளமாக இருந்து தழும்பின்மேல் படிந்திருந்தால் பொடி நிற்கிறது. ஒட்ட வெட்டியிருந்தால் வழுவழுப்பான தோலில் தங்காமல் சட்டைக் காலரில் உதிர்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றும்போது உள்பஞ்சில் கறுப்பாக அப்பியிருக்கும். வியர்வை வழிந்தால் பிடரியில் மை இறங்கியதுபோல் கோடு விழும். திருமணம், புகைப்படம் என்று ஏசி அறைக்குள் முடிகிற சில மணி நேரத்துக்கு ஏற்றது. தினமும் பைக்கில் அலுவலகம் போகிறவருக்கு ஏற்றதல்ல.

மற்ற இரண்டு வழிகளையும் விசாரித்தேன். தழும்பை வெட்டியெடுத்துவிட்டு மறுபடி தைக்கும் திருத்த அறுவை, முதல் தையல் மோசமாக இருந்தவர்களுக்குப் பலன் தரும். தோல் இறுக்கமே காரணம் என்றால் புதிய தழும்பும் மெல்ல அதே அகலத்துக்குத் திரும்ப வாய்ப்புண்டு என்று நான் கண்ட பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். எஃப்யூஇ முறையில் சில நூறு மயிர்க்கால்களைத் தழும்புக்குள்ளேயே நடுவது இன்னொரு வழி. தழும்புத் திசுவில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் நட்டவை எல்லாம் முளைப்பதில்லை. ஆனால் முளைத்தவை உண்மையான முடி, அவற்றுக்கு நீளமும் நிழலும் உண்டு. செலவையும் இன்னொரு மயக்க ஊசியையும் பொருட்படுத்தாதவர்களுக்கு, சில நூறு மயிர்க்கால்களை நட்டுவிட்டு அதன் மேல் எஸ்எம்பி செய்துகொள்வதுதான் இருப்பதிலேயே சிறந்த சேர்க்கை என்று நினைக்கிறேன். நான் எஸ்எம்பியோடு நிறுத்திக்கொண்டேன். பின்மண்டையில் மீந்திருக்கும் முடியைத் தழும்புக்குச் செலவிட மனம் வரவில்லை. உச்சி மெலிந்தால் அது அங்கே வேண்டியிருக்கும்.

இனி சேவைக்கு வருகிறேன். முதல் சந்திப்பில் அவர்கள் செய்த ஒரு காரியம் என் நம்பிக்கையைப் பெற்றது. தழும்பின் ஓரத்தில், சிறு விரல் நகத்தின் அளவுக்கு மட்டும் சில புள்ளிகள் வைத்துவிட்டு, சில வாரம் கழித்து வரச் சொன்னார்கள். தழும்புத் தோல் நிறமியை எப்படி ஏற்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது. சில இடத்தில் புள்ளி பரவிக் கரும்புள்ளியாகிவிடும், சில இடத்தில் ஒரு வாரத்திலேயே மறைந்துவிடும். இந்தச் சோதனை இல்லாமல் அன்றைக்கே முழுவதையும் முடித்துத் தருகிறோம் என்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது. புண் ஆறி ஓராண்டு ஆகாதவர்களை அவர்கள் திருப்பி அனுப்பியதையும் வரவேற்பறையில் பார்த்தேன். தடித்து மேலெழும்பும் கெலாய்டு தழும்பு உள்ளவர்களை ஊசி போடாமல் தோல் மருத்துவரிடம் அனுப்புகிறார்கள் என்பதையும் அவர்கள் கணக்கில் நல்லதாகவே சேர்க்க வேண்டும்.

வேலை நாளில் பின்மண்டையை 1ஆம் நம்பரில் வெட்டி, மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் களிம்பைப் பூசிக் காத்திருக்க வைத்தார்கள். பிறகு மசாஜ் மேசையைப் போன்ற ஒன்றில், முகத்துக்கு ஓட்டை வைத்த தலையணையில் குப்புறப் படுக்க வேண்டும். செய்தவர் இளம்பெண். ஒற்றைக் கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறுகையிலுள்ள பேனா போன்ற கருவியின் ஊசியை ஒவ்வொரு முறையும் நேராக இறக்கி நேராக எடுத்தார். இழுத்தால் புள்ளி கோடாகிவிடும். தழும்பின் விளிம்பிலிருந்து வெளியே முடியுள்ள தோலிலும் சற்றுத் தூரம் புள்ளிகளைத் தூவிக்கொண்டே போனார். கோட்டை மட்டும் நிரப்பினால் வெள்ளைக் கோடு கறுப்புக் கோடாகுமே ஒழிய மறையாது என்பதால் இப்படி. "சார், எங்க வலிக்குதுன்னு சொல்லுங்க, அங்க ஆழம் குறைக்கணும்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். வலி சீராக இல்லை. தழும்புக்குச் சற்று மேலே பழைய அறுவையில் நரம்பு அறுபட்டு இன்றும் மரத்திருக்கிற பகுதியில் ஒன்றும் தெரியவில்லை. காதின் பின்னால் எலும்பின் மேல் ஊசி விழுந்தபோது பல் கூசியது.

வைத்த நிறமி தோலின் மேல்படலத்தைத் தாண்டி உள்தோலின் மேற்பகுதியில் நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த ஆழத்தைக் கடந்துபோனால் புள்ளி பரவிப் பெரிதாகும், கறுப்பு நீலமாகத் தெரியும். பச்சை குத்துகிற கடைகளில் இதைக் குறைந்த விலைக்குச் செய்துகொண்ட சிலருடைய தலைகள் நீலம் பாய்ந்திருப்பதற்கு ஆழமும் மையும் இரண்டும் காரணம். கார்பன் சார்ந்த நிறமியா என்று கேட்டுக்கொள்வது முக்கியம். இரும்பு ஆக்சைடு கலந்த பழுப்பு மைகள் காலப்போக்கில் செம்மை காட்டும். முதல் அமர்வு முடிந்த வாரத்தில் எல்லாமே தேவைக்கு மேல் கறுப்பாகத் தெரிந்து கலவரப்படுத்தும். பொருக்கு உதிர்ந்ததும் நிறம் இறங்கிவிடும். அதன் பிறகுதான் எங்கே நின்றது, எங்கே நிற்கவில்லை என்று பார்த்து அடுத்த அமர்வில் நிரப்புகிறார்கள். சாதாரணத் தலைத் தோலைவிடத் தழும்புக்கு அமர்வு கூடுதலாகத் தேவைப்படும் என்பதை முதலிலேயே எழுதித் தந்தார்கள்.

பின்பராமரிப்புத் தாளில் இருந்தவை எளியவைதான், ஆனால் சென்னையில் கடைப்பிடிப்பது எளிதல்ல. சில நாட்களுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, வியர்க்கக் கூடாது, எண்ணெய் தொடக் கூடாது, ஹெல்மெட் உரசக் கூடாது. இருசக்கர வாகனத்தில் வேலைக்குப் போகிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் இதை வைத்துக்கொள்வதே உத்தமம். பச்சை குத்திக்கொண்டவர்களுக்கு இரத்த தானத்தில் உள்ள காத்திருப்பு விதி இதற்கும் பொருந்தும் என்பதைத் தாளில் அவர்கள் குறிப்பிடவில்லை. தவறாமல் இரத்தம் கொடுக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விளைவை முடியின் நீளத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். அறுவைக்குப் பின்னர் எனக்குப் பாதுகாப்பான அளவு 5ஆம் நம்பர், அதாவது 16 மில்லிமீட்டர். இப்போது 3ஆம் நம்பரில், 10 மில்லிமீட்டர் நீளத்தில், தழும்பு இருப்பதை அறிந்தவர்களே தேடிப் பார்த்தால்தான் கண்டுபிடிக்கிறார்கள். மேலிருக்கும் முடி அதன்மேல் சாய்ந்து படிகிறது. இடைவெளியில் தெரிகிற தோலில் வெண்மைக்குப் பதில் புள்ளிகள் இருப்பதால் கண் ஏமாந்துவிடுகிறது. 2ஆம் நம்பரில், 6 மில்லிமீட்டரில், அறைக்குள் குறையொன்றும் இல்லை. வெளியே பக்கவாட்டு வெயிலில் இடது காதின் பின்னால் ஒரு பள்ளம் தெரிகிறது. 1ஆம் நம்பரில், 3 மில்லிமீட்டரில், அந்தப் பள்ளம் முழுக்கோடாகிவிடுகிறது. சுற்றிலும் முடி நிமிர்ந்து நின்று நிழல் தருகிறது. தழும்பில் நிறம் மட்டும் இருக்கிறது, உயரம் இல்லை. தலை நனைந்தாலும் எண்ணெய் வைத்தாலும் தழும்பின் வழுவழுப்பு பளபளத்து அதைக் காட்டிக்கொடுக்கிறது. நிறமி தோலின் நிறத்தை மாற்றலாம், அதன் பரப்பை மாற்ற அதனால் முடியாது.

அப்படியானால் மொட்டையில் நிலைமை இதைவிட மோசமாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். குடும்ப வேண்டுதலுக்காகப் பழனியில் மொட்டை போட்டபோது கண்டது வேறு. சவரக்கத்தி போன அன்று சுற்றியுள்ள தோலில் முடியின் அடிநிழல் வெளுத்திருக்க, தழும்பின் புள்ளிகள் மட்டும் சற்றுக் கறுப்பாகத் தெரிந்தன. அன்றைக்குச் சந்தனம் காப்பாற்றியது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் முள்முடி தலைகாட்டியபோது, புள்ளியும் முள்முடியும் ஒரே அளவில் கலந்து, தழும்பை நானே கண்ணாடிக்கு எதிரே கண்ணாடி பிடித்துத் தேட வேண்டியிருந்தது. மழித்த தலையின் முள்முடியைப் போலத் தெரிவதற்கென்றே உருவான உத்தி இது என்பதால், அந்த நீளத்தில்தான் அது முழுப்பலனையும் தருகிறது. அதன் பின் முடி சில மில்லிமீட்டர் வளர்ந்த வாரங்களில் கோடு மறுபடி தலையெடுத்தது. வெளியே போகும்போது தொப்பி போட்டுக்கொண்டேன். ஆக, மழித்த தலைக்கும் மூன்றாம் நம்பருக்கும் இடைப்பட்ட நீளம்தான் எஸ்எம்பி செய்த தழும்புக்குக் கண்டம். தினமும் சவரம் செய்துகொண்டு மொட்டையாகவே இருக்கத் தயாரானவர்களுக்கு என்னைவிட நல்ல பலன் கிடைக்கலாம், தலை முழுவதும் புள்ளி வைத்துக்கொண்டால்.

குறைகளுக்கு வருகிறேன். சுவரில் மாட்டியிருந்த முன்-பின் படங்களில், முன் படம் ஒட்ட வெட்டிய தலையாகவும் பின் படம் அதைவிடச் சற்று வளர்ந்த தலையாகவும் இருந்தன. வட்ட விளக்கின் நேர்வெளிச்சத்தில் எடுத்த படங்கள் வேறு, பக்க நிழலே விழாது. என் தலையையும் அதே விளக்கின் கீழ் படமெடுத்துக் காட்டியபோது, ஜன்னலோரம் நின்று செல்பேசியில் ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டேன். எடுத்துத் தந்தார்கள், முகம் சுளித்துக்கொண்டு. வரவேற்பறையில் இருந்தவர் வாயாலும் துண்டுத் தாளாலும் நிரந்தரம் என்று சொன்னார்கள். ஒப்பந்தத் தாளிலோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடுவேலை, அதாவது மங்கிய புள்ளிகளை மறுபடி நிரப்பும் வேலை, தேவைப்படும் என்று சிற்றெழுத்தில் இருந்தது. சிற்றெழுத்துத்தான் உண்மை. வெயில் அதிகம் படுகிற தலைகளில் நிறம் இன்னும் வேகமாக இறங்கும், பிடரிக்கும் சன்ஸ்கிரீன் பூச வேண்டும். முழுத் தலைக்கான கட்டணத்தின் ஒரு பகுதியே தழும்புக்கு ஆனது. முடி நட்டபோது கொடுத்ததோடு ஒப்பிட்டால் அதில் கால்பங்கும் இல்லை. ஆனால் தொடுவேலைக்குத் தனிக் கட்டணம் என்பது முதல் நாள் பேச்சில் வரவில்லை. எத்தனை அமர்வு, எவ்வளவு காலத்துக்குள் தொடுவேலை இலவசம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கட்ட வேண்டும்.

இன்னும் முடி நடாதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு வேண்டிய பகுதி இதுதான். எஃப்யூடியை முற்றாக ஒதுக்கும்படி நான் சொல்ல மாட்டேன். நீளமாக முடி வைத்துக்கொள்கிறவர்களுக்கும், வழுக்கை பெரிதாக இருந்து ஒரே அறுவையில் நிறைய கிராஃப்ட்டுகள் வேண்டியவர்களுக்கும் அது இன்றும் சரியான வழியாக இருக்கலாம். முப்பதைத் தாண்டாத, வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று தெரியாத இளைஞர்களுக்கு நிலைமை வேறு. வழுக்கை பின்னாளில் பரவிப் பக்க முடியும் மெலிந்தால், அன்றைக்கு அடர்த்தியின் நடுவே ஒளிந்திருந்த தழும்பு வெளியே வந்துவிடும். பிடரிக் கீழ்முடி மேல்நோக்கி உதிர்கிற வகையினருக்கு அது இன்னும் சீக்கிரம் நடக்கும். பொடியும் புள்ளியும் அப்போது அதிகம் உதவா.

நரையைப் பற்றி நிலையத்தில் யாரும் பேசவில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். முடி வெளுக்கும், புள்ளி வெளுக்காது. சாயம் பூசுகிறவரை சிக்கல் இல்லை, விட்டுவிட்டால் வெண்முடிக்கு நடுவே கறுப்புப் பட்டை தெரியும். லேசர் கொண்டு நிறமியை மங்கவைக்கலாம் என்றாலும் அது இன்னொரு செலவு, இன்னொரு சுற்று. அதனால் முதலிலேயே முடியின் நிறத்தைவிட ஒரு படி மங்கலாக வைத்துக்கொள்வதே நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஏற்றது. எனக்குக் காதோரத்தில் நரை கூடியிருக்கிறது. வரும் தை மாதத்தில் தொடுவேலைக்குப் போகும்போது இடது காதின் பின்புறத்தை மட்டும், முன்பைவிட நீர்த்த நிறமியில், அதே பெண் அங்கே வேலையில் இருந்தால் அவரிடமே செய்துகொள்வதாக இருக்கிறேன்.